ஆளை அனுப்புவதா, மருந்தை வாங்கி வைப்பதா: டித்வா சூறாவளியும் படுவான்கரை வீடொன்றும்

மட்டக்களப்பில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது சூறாவளி என்று பேச்செடுத்தால் 1978தான் முதலில் வரும். நவம்பர் 23ஆம் திகதி இரவு கரையேறிய அந்தச் சூறாவளி 900க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தென்னந்தோப்புகள் மொட்டையாகின. பாடசாலைகளும் நெற்களஞ்சியங்களும் கூரை இழந்தன. அன்றிலிருந்து இங்கே ஒரு சூறாவளியைக் காற்றை வைத்துத்தான் அளக்கிறோம். எத்தனை ஓடு பறந்தது, எத்தனை மரம் சாய்ந்தது என்று கேட்போம். எத்தனை பேருக்குக் குளிசை முடிந்தது என்று கேட்கிற பழக்கம் வரவில்லை.

நான் ஒரு கிராமிய வைத்தியசாலையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். காற்று நின்ற பிறகு வருகிற நாட்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். வீதி தண்ணீருக்குள், கரண்ட் இல்லை, போன் வேலை செய்யாது. அந்த நாட்களில் சாகிறவர்களின் பெயர் சூறாவளிக் கணக்கில் பெரும்பாலும் ஏறாது; மாரடைப்பு, கிட்னி, சீனி வருத்தம் என்றுதான் பதிவாகும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது அரசு சொன்ன கணக்கு 64 மரணம். ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, 2018 ஓகஸ்டில் அதே அரசு அதை 2,975 என்று திருத்தியது. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வீடுவீடாகப் போய் விசாரித்தபோது, அவர்கள் கண்ட சூறாவளிக்குப் பிந்திய மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு மருத்துவக் கவனிப்பு பிந்தியதோ கிடைக்காமல் போனதோதான் காரணம் என்று தெரிந்தது.

அந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அவை காட்டுகிற விஷயம் ஒன்றுதான்: நோயாளிக்கு ஆபத்து காற்றில் இருப்பதைவிட, காற்றுக்குப் பிறகு துண்டிக்கப்படுகிற பாதையில் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தபோது என் சொந்தக்காரர் வீடொன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். உறவுமுறை தவிர வேறு அடையாளம் எதையும் சேர்க்கவில்லை.

வீடு

கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் உள்ளே, வயலோரத்தில் இருக்கிற வீடு. களப்புக்கு மேற்கே இருப்பதைப் படுவான்கரை என்றும், கடல்பக்கமாக இருப்பதை எழுவான்கரை என்றும் சொல்வது வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரியாஸ்பத்திரி, டயலிசிஸ், விசேட வைத்தியர்கள், பெரிய பாமசிகள் எல்லாம் எழுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து போக்குவரத்து எவ்வளவோ இலகுவாகிவிட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் மாரியில் பாலம் நிற்கும். பாலத்துக்கு வந்து சேருகிற உள்வீதிகள்தான் முங்கும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவைத் திறந்தார்கள் என்றால் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறும். குருமண்வெளி, மண்டூர் பக்கத்தில் பாதைப் படகை நம்பியிருக்கிறவர்களுக்குக் காற்று எழும்பினால் அதுவும் இல்லை.

வீட்டில் பெரியப்பா, வயது அறுபத்தேழு. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. செவ்வாய், வெள்ளி என்று கிழமைக்கு இரண்டு தடவை டயலிசிஸ். பெரியம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், காலையும் மாலையும் இன்சுலின், கூடவே பிரஷர் குளிசை. அவர்களின் மகள், எனக்குத் தங்கச்சி முறை, பக்கத்து வளவில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம், முதல் பிள்ளை சிசேரியனில் பிறந்தது. அடுத்த வீட்டில் வலிப்பு வருத்தமுள்ள ஒரு சின்னப் பொடியன்.

ஒரே ஒழுங்கையில் இத்தனை பேரா என்று தோன்றலாம். உங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களை எண்ணிப் பாருங்கள், இதைவிடக் குறைவாக வராது.

பெயர் வைக்கும் வரை காத்திருக்கவில்லை

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற செய்தி அந்த வாரத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நவம்பரில் இங்கே தாழமுக்கம் என்பது வானொலி கேட்கிற எவருக்கும் புதிது இல்லை. பத்தில் ஒன்பது மழையோடு போய்விடும். ஆகவே பெரும்பாலானவர்கள் அது சூறாவளி ஆகட்டும், பிறகு பார்ப்போம் என்றிருந்தார்கள். அதற்கு டித்வா என்ற பெயர் வந்தது 27ஆம் திகதி வியாழக்கிழமை. அப்போது அது ஏறக்குறைய எங்கள் கரையிலேயே நின்றது. எங்கள் வீதி ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில்.

நாங்கள் கணக்கெடுத்தது வேறு விதத்தில். இந்த வீதி ஒரு கிழமைக்கு அடைபட்டால் யார் யார் தாங்குவார்கள்? இந்தக் கேள்வியைச் செவ்வாய்க்கிழமை கேட்டபோது பதில் கடகடவென்று வந்தது. பெரியம்மா தாங்குவார், மருந்து கையில் இருந்தால். பொடியனும் அப்படியே. பெரியப்பா தாங்கமாட்டார், அவருக்கு எந்த மருந்தை வாங்கி வைத்தாலும். தங்கச்சியின் வயிறு யாருக்காகவும் காத்திருக்காது.

இங்கேதான் வழக்கமான ஆயத்தப் பட்டியல்கள் கோட்டை விடுகின்றன என்பது என் அபிப்பிராயம். ரோச், பற்றரி, முதலுதவிப் பெட்டி, இரண்டு கிழமை மருந்து என்று வரிசையாகப் பொருட்களைச் சொல்வார்கள். அத்தனையும் சரிதான். ஆனால் சில சிகிச்சைகளைப் பையில் போட்டுக் கட்ட முடியாது. டயலிசிஸ் அப்படி, பிரசவம் அப்படி, வீட்டில் கரண்டில் ஒட்சிசன் எடுக்கிறவரும் அப்படி. அவர்களுக்கு ஆயத்தம் என்றால், வீதி காய்ந்திருக்கும்போதே ஆளை மறுகரையில் கொண்டுபோய் வைப்பதுதான்.

பெரியப்பா செவ்வாய் காலை வழமைபோல் டயலிசிசுக்குப் போனார். முடிந்ததும் ஊருக்கு வரவேண்டாம், நகரத்தில் மாமி வீட்டில் நில்லுங்கள் என்று போனில் சொன்னேன். பெரிய வாக்குவாதம்.

"எழுபத்தெட்டுலயே சாகல்ல மனே, இதுலயா சாகப் போறன்? மாட்ட ஆரு பாக்கிற?"

இந்தப் பதிலைப் படுவான்கரையில் எத்தனையோ பேர் வாயால் கேட்கலாம். எழுபத்தெட்டில் அவருக்கு இருபது வயது. கூரை பறந்த வீட்டிலிருந்து ஓடிப்போய்ப் பாடசாலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு விடியும் வரை நின்றவர். அப்போது அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலை செய்தன. இன்றைக்கு டயலிசிசோடும் இன்சுலினோடும் இதயக் குளிசையோடும் உயிர் வாழ்கிற இந்த ஆட்கள் அன்றைக்கு நம் கிராமங்களில் அநேகமாக இல்லை. அந்த வருத்தங்கள் வந்தவர்கள் அவ்வளவு காலம் இருந்ததில்லை. எழுபத்தெட்டைத் தாண்டிய அனுபவம் காற்றுக்கு உதவும், கிட்னிக்கு உதவாது. இதை அவரிடம் நான் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பெரியம்மாதான் போனை வாங்கி, மாட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அவர் ஊருக்கு வந்தால் தானே வீட்டைவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது.

அவருடைய அடுத்த முறை வெள்ளிக்கிழமை, அதாவது 28. மழை கனத்த பிறகு, தூர ஊர் நோயாளரை ஒரு நாள் முன்னுக்கு எடுக்கலாமா என்று டயலிசிஸ் பிரிவில் பேசினோம். வியாழன் எடுத்தார்கள், நேரத்தைக் கொஞ்சம் சுருக்கி. இதற்கு உலகத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. 2012 ஒக்டோபரில் சாண்டி சூறாவளி அமெரிக்காவின் கிழக்குக் கரையை நெருங்கியபோது நியூயோர்க், நியூஜேர்சி பக்கத்துச் சில நிலையங்கள் வழக்கமாக மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையே திறந்து, நோயாளரை முன்கூட்டியே டயலிசிசுக்கு எடுத்தன. அப்படி முன்னுக்குச் செய்துகொண்டவர்களிடையே அவசர சிகிச்சைக்கு ஓடியவர்களும், அடுத்த முப்பது நாளில் இறந்தவர்களும் குறைவு என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. ஒரு நாள் முந்துவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு நாள், சூறாவளிக்குப் பிறகு வருகிற இடைவெளியின் மறுமுனையில் ஒரு நாளாக வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு. டயலிசிஸ் பிரிவு திறந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நான்கு மணித்தியாலச் சிகிச்சை ஒன்றுக்குச் சுத்திகரித்த தண்ணீரே சுமார் 120 லீற்றர் வேண்டும். கரண்டும் குழாய்நீரும் நின்றால் இயந்திரம் நிற்கும். ஆகவே பெரியப்பாவின் கொப்பியில் ஒரு தாளை ஒட்டி, அவருடைய வறண்ட எடை (உடம்பில் மிகைநீர் இல்லாதபோதுள்ள எடை), ஊசி போடும் கை, வழக்கமான நேரம், ஹெப்படைட்டிஸ் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் பிரிவிலிருந்த தாதி மிஸ்ஸியிடம் எழுதி வாங்கினோம். அந்தத் தாளோடு வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. நாங்கள் அதைப் பாவிக்க வேண்டி வரவில்லை.

தங்கச்சியின் விஷயம் இரண்டு வசனத்தில் முடியும். புதன்கிழமை காலை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கே வந்து, முதல் பிள்ளை சிசேரியன், நீங்கள் இனி இங்கே நிற்கக்கூடாது என்று சொல்லி ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார். டிசம்பர் முதல் வாரத்தில் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

இன்சுலின் போத்தல்

பெரியம்மாவின் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே குழப்பத்தை என் யன்னலில் எத்தனையோ தடவை பார்க்கிறேன்.

கரண்ட் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவர் இன்சுலின் போத்தல்களை ஃபிரிட்ஜின் ஐஸ் தட்டுக்குள் மாற்றி வைத்துவிட்டார். நன்றாகக் குளிர்ந்து கிடந்தால் கனநாள் தாங்கும் என்று யாரோ முகநூலில் எழுதியிருந்ததாம். உறைந்த இன்சுலின் கெட்ட இன்சுலின். உருகிய பிறகு பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வேலை செய்யாது. அவற்றை எறிந்துவிட்டு, புதன்கிழமை புதிதாக எடுத்துக் கொடுத்தோம்.

உடைக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும், சரி. ஆனால் பாவனையில் இருக்கிற போத்தல், வகையைப் பொறுத்து 25 அல்லது 30 பாகைக்கு மேல் போகாத இடத்தில், வெயிலும் அடுப்பும் படாமல், சுமார் நான்கு கிழமை இருக்கும். நவம்பர் மழைநாளில் எங்கள் வீடுகளின் உள்ளறை அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே சூறாவளி வாரத்தில் ஐஸ் தேடி ஓடத் தேவையில்லை. ஈர மணலில் புதைத்த இரட்டை மண்முட்டி முறையைச் சிலர் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அது அருமையாக வேலை செய்யும். காற்றே ஈரமாக இருக்கும் மாரியில் தண்ணீர் ஆவியாகாது, முட்டியும் பெரிதாகக் குளிராது. இருந்தாலும் வெயிலிலிருந்து காக்கும், வைப்பதால் நட்டமில்லை. கரண்ட் நின்றதும் செய்யவேண்டியது ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விடுவது. சும்மா சும்மா திறந்து பார்க்கிறவர்களின் ஃபிரிட்ஜ்தான் முதலில் சூடாகும்.

நாங்கள் போதிய கவனம் எடுக்காத விஷயம் சாப்பாடு. வியாழன் இரவு ஊரில் பலர் பாடசாலைக்குப் போய்விட்டார்கள், அதுதான் இடைத்தங்கல் முகாம். பெரியம்மாவும் போனார். வெள்ளி காலை பழக்க தோஷத்தில் விடியவே ஊசியைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுப் பார்சல் வந்து சேரப் பத்து மணி தாண்டிவிட்டது. அதற்கிடையில் வேர்த்து, கை நடுங்கி, ஆளை ஆள் தெரியாமல் பேசத் தொடங்கிவிட்டார். பக்கத்திலிருந்த பிள்ளை பையிலிருந்த சீனியைக் கரைத்துக் கொடுத்தது. "சீனி வருத்தக்காரிக்குச் சீனி குடுக்கிறியா புள்ள?" என்று ஒரு மனுசி தடுத்தாராம். அந்தப் பிள்ளை கேட்கவில்லை, நல்லகாலம்.

முகாமில் இன்சுலின் எடுக்கிறவர்களுக்கு ஒரே சட்டம்: சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. அரை மணித்தியாலம் முன்னுக்குப் போடச் சொல்லித்தான் கிளினிக்கில் பழக்கியிருப்பார்கள். அது வீட்டுச் சமையலறையை நம்பிச் சொன்னது. சாப்பாடு குறைந்தால் எவ்வளவு போடுவது, வாந்தி என்றால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்க வேண்டும். சாப்பாடு இல்லை என்று தானாகவே ஊசியை நாட்கணக்கில் நிறுத்துவதும் ஆபத்து, சிறுவயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவர்களுக்கு மிக ஆபத்து.

நிவாரணச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாண், பிஸ்கட், நூடில்ஸ், ரின் மீன், கருவாடு. கொடுக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, வெள்ளத்துக்குள் கெடாமல் வருவது அவைதான். ஆனால் பிரஷர்காரர், இதய நோயாளி, கிட்னி நோயாளி மூவருக்கும் அந்த உப்பு ஆகாது. கிட்னி நோயாளிக்கு இன்னொரு பொறி இளநீர். கிணறு கலங்கிவிட்டது, மரங்கள் விழுந்து கிடக்கின்றன, குலை குலையாக இளநீர். தாகத்துக்கு அதைவிடச் சுத்தமானது இல்லை என்று எல்லோரும் குடிப்பார்கள். டயலிசிஸ் பிந்திய நோயாளிக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். வாழைப்பழமும் அப்படியே. மாமி வீட்டில் பெரியப்பாவுக்கு முதல் நாளே ஒரு செம்பு இளநீர் நீட்டப்பட்டது. அவர் வாங்கவில்லை; டயலிசிஸ் கட்டிலில் பழகிய பாடம்.

கிளினிக் திகதி 28

அடுத்த வீட்டுப் பொடியனின் வலிப்புப் பாணி மருந்து செவ்வாய்க்கிழமை போத்தலின் அடியில் கிடந்தது. தாய் அலட்சியமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவனுடைய கிளினிக் திகதி நவம்பர் 28.

இதை யோசித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அரச கிளினிக்கில் பெரும்பாலும் நான்கு கிழமைக்கு மருந்து தருவோம். அப்படியென்றால் எந்த வாரத்தில் சூறாவளி வந்தாலும், அந்த வாரம் கிளினிக் உள்ளவர்களின் கையில் ஓரிரு நாள் குளிசைதான் இருக்கும். அவர்கள் யார் என்று தேடி அலையத் தேவையில்லை. கிளினிக் பதிவேட்டில் திகதி வாரியாக எழுதியே இருக்கிறது. செவ்வாய் பின்னேரம் எங்கள் வைத்தியசாலையில் அடுத்த பத்து நாள் திகதியுள்ளவர்களின் பக்கங்களை எடுத்து, அதில் வலிப்பு, இன்சுலின், இதயம், மனநோய், தைரொய்ட், ஸ்டெரொய்ட் குளிசைக்காரரை முதலில் அழைத்தோம். வலிப்புக் குளிசை சட்டென்று நின்றால் வலிப்புத் திரும்பும். நாட்பட்ட ஸ்டெரொய்டைச் சட்டென்று நிறுத்தினால் ஆளே விழுந்துவிடுவார். கொழுப்புக் குளிசை ஒரு கிழமை பிந்தினால் வானம் இடிந்து விழாது. இந்த வரிசை மருந்தாளருக்கும் டொக்டருக்கும் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. பையைக் கட்டும்போது அவர் எல்லாக் குளிசையையும் ஒரே மாதிரித்தான் பார்ப்பார்.

தொலைபேசி இலக்கங்கள் எப்படி இருந்தன என்றால், 2020 கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்புவதற்காகத் திரட்டியவை. பாதி இலக்கங்கள் மாறிப்போயிருந்தன. மற்றப் பாதி வேலை செய்தது. பொடியனின் கிளினிக் எங்களிடம் இல்லை, நகரத்தில். அவனுடைய கொப்பியைத் தாயிடம் வாங்கி, மாமி வீட்டிலிருந்த பெரியப்பாவின் மருமகன் போய் மருந்தை எடுத்துப் புதன் மத்தியானத்துக்கு முன் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அந்த வீதியால் முச்சக்கரவண்டி வரவில்லை.

மருந்தை எடுக்க வெள்ளத்தைக் கடக்கலாமா என்று எனக்கு வியாழக்கிழமை பல அழைப்புகள். கடக்க வேண்டாம் என்றேன். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் புரண்டு மதரசா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. உழவு இயந்திரமே நிற்காத தண்ணீரில் மனிதன் எப்படி நிற்பது? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சும் தண்ணீருக்குள் பறந்து வராது. அப்படி உயிருக்கு ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துப் படகு கேட்பதுதான் வழி.

தண்ணீர் வடிந்த பிறகு

டித்வா நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது, பெரும்பாலும் மலைநாட்டு மண்சரிவுகளில். எங்கள் பக்கம் அதோடு ஒப்பிட்டால் தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீதி அடுத்த கிழமை நடுப்பகுதி வரை சாதாரண வாகனத்துக்குத் திறக்கவில்லை. பெரியப்பா செவ்வாய் டயலிசிஸ் முடிந்து ஊருக்கு வந்திருந்தால் அடுத்த டயலிசிசுக்கு எட்டு நாள் ஆகியிருக்கும். மூன்று நான்கு நாளில் சுத்தம் செய்யும் உடம்பு எட்டு நாளை எப்படித் தாங்கும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

பெரியம்மாவின் கால்தான் எங்களுக்கு வந்த சேதம். மாட்டைத் தான் பார்ப்பதாகச் சொன்னவர் சொன்னபடி பார்த்தார். சனிக்கிழமை கன்றை மேட்டுக்கு ஓட்டப்போய், தண்ணீருக்குள் கிடந்த கூரைத் தகரம் பாதத்தில் கீறியது. சீனி வருத்தத்தால் மரத்துப்போன கால், கீறியதே தெரியவில்லை. இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. சவர்க்காரம் போட்டுக் கொதித்தாறின நீரில் கழுவிக் கட்டினார்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி வீதி திறந்த பிறகுதான் போட முடிந்தது. புண் ஆற இரண்டு மாதம். சீனி வருத்தக்காரர் வெள்ளத்தில் மூடிய சப்பாத்து இல்லாமல் இறங்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வோம். படுவான்கரையில் மாடு வைத்திருக்கிற எத்தனை பெண்களிடம் மூடிய சப்பாத்து இருக்கிறது?

அதே நாட்களில் எலிக்காய்ச்சலும் யோசிக்க வேண்டியிருந்தது. பெரும்போகத்தில் வயல் செய்கிறவர்கள் எப்படியும் சேற்றில்தான் நிற்கிறார்கள், வெள்ளம் எலி மூத்திரத்தை ஊரெல்லாம் கொண்டுவந்து விடும். பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டால் டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகக் கிடைக்கும், வயலுக்கு இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை எடுப்பது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலோடு கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, சலம் குறைவு என்றால் பனடோலோடு வீட்டில் கிடக்கக்கூடாது. டெங்கும் இதே காலம்தான் என்பதால் பனடோல் தவிர வேறு நோமாத்திரை எதையும் தொடவும் கூடாது. கிணறுகளை இறைத்துக் குளோரின் இடும் வேலையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை செய்தது. முறை வரும் வரை கொதித்தாறின நீர்.

என்ன மாற வேண்டும்

இந்த ஒழுங்கையில் மிகச் சுலபமாக முடிந்த விஷயம் எது என்று பார்த்தால், தங்கச்சியின் பிரசவம். நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் தன் பகுதியின் கர்ப்பிணிகள் எல்லோரின் பதிவேடும் இருக்கிறது. யாருக்கு எந்தத் திகதி, யாருக்கு முதல் பிள்ளை சிசேரியன், யாருக்குப் பிரஷர் என்று அவருக்குத் தெரியும். மழை வந்தால் அவரே வாசலுக்கு வருவார். ஒவ்வொரு வெள்ளத்திலும் இது நடக்கிறது, அதனால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பெரியப்பாவுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. கிராம உத்தியோகத்தரிடம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதில் டயலிசிஸ் என்று ஒரு நிரல் இல்லை. டயலிசிஸ் பிரிவிடம் நோயாளியின் கிட்னி பற்றி எல்லாம் இருக்கிறது, அவர் வீட்டு வீதி எப்போது முங்கும் என்று தெரியாது. இந்த இரண்டு கொப்பியும் ஒருநாளும் சந்திப்பதில்லை. பிரதேச செயலகத்தில் மாரிக்கு முன் நடக்கிற அனர்த்தக் கூட்டத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரி எப்படியும் வருவார். அங்கே ஒரு தாளில், வீதி அடைபட்டால் இவர் எத்தனை நாள் தாங்குவார் என்ற ஒரே ஒரு நிரலைச் சேர்த்தாலே போதும். நோயின் பெயர்கூடத் தேவையில்லை, அதை ஊரறிய எழுதுவதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, ஒக்டோபர் கிளினிக்கில் படுவான்கரை நோயாளருக்கு ஆறு கிழமைக்குக் கொடுக்கலாம் என்பது என் நிலைப்பாடு. மருந்து இருப்பு இல்லை என்ற பதில் உடனே வரும். 2022இன் தட்டுப்பாட்டைக் கண்டவன் நான், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் இது கூடுதல் மருந்து அல்லவே. தை மாதக் கிளினிக்கில் இரண்டு கிழமையைக் குறைத்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். அதே குளிசை மாரிக்கு முன் களஞ்சியத்திலிருந்து வீட்டு அலுமாரிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். குளிசையை விற்றுவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மழைக்காலத்துக்கு நெல்லைப் பத்திரமாக வைக்கத் தெரிந்தவர்களுக்குக் குளிசையை வைக்கத் தெரியாதா?

தீராத சிக்கல் தங்குமிடம். பெரியப்பாவுக்கு நகரத்தில் மாமி வீடு இருந்தது. வியாழக்கிழமை அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வெல்லாவெளிக்கு அங்காலுள்ள ஒரு ஊர்க்காரர், நகரத்தில் அவருக்கு ஒருவரும் இல்லை. அவரை உள்நோயாளராக எழுதி விடுதியில் ஒரு கட்டில் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அதைச் செய்தது எழுதப்பட்ட ஏற்பாடு எதுவும் அல்ல, விடுதிப் பொறுப்புத் தாதியின் சொந்த முடிவு. அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்த மாரியில் அந்தக் கட்டில் கிடைக்குமா தெரியாது. தூர ஊர் டயலிசிஸ் நோயாளருக்குச் சூறாவளி வாரத்தில் தங்குவதற்கு விடுதிக் கட்டிலோ, பக்கத்துக் கோயில் மடமோ, பாடசாலை அறையோ எதுவென்று செப்டம்பரிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். யார் திறப்பு வைத்திருப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும்.